பிள்ளை நம்மைத் திரும்பிப் பார்க்காமல் விளையாடட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் சம்பந்தமான விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் டெனிஸ் பற்றிய கதை வந்தது. "ஏழு பேரைக் கொழும்புக்குக் கூட்டிப் போனீங்க. ஏழு பேரும் தோத்துட்டு வந்தாங்க. ரெண்டு வருஷமா இதைத்தான் பாக்குறம். அந்தக் கோர்ட்ட மூடிட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டில் போட்டா என்ன சேர்?" என்று ஒரு பெற்றார் கேட்டார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று அதிபர் கதையை நிறுத்தினார்.

கேட்டவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பிள்ளையின் நேரமும் ஊரின் காசும் எங்கே போகிறது என்று கேட்பது அவருடைய உரிமை. ஆனால் அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இதைப் பொறுப்பாக நடத்தும் நாங்கள் மூன்று ஆசிரியர்களும் பேசி, அடுத்த கூட்டத்துக்கு முன் ஊரவர்களுக்குத் தெரியட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். தோற்றது உண்மை. முதல் வருடத் தோல்விக்குக் காரணம் பிள்ளைகள் இல்லை, நாங்கள்தான்.

தொடங்கிய கதை பலருக்குத் தெரியும். எங்களிடம் டெனிஸ் கோர்ட் இருக்கவில்லை. இருந்தது கொங்கிரீட் போட்ட வலைப்பந்துத் திடல். அதன் நீளம் 30.5 மீட்டர், அகலம் 15.25 மீட்டர். டெனிஸ் கோர்ட்டுக்குத் தேவை 23.77 மீட்டர் நீளமும், இரட்டையர் கோட்டோடு சேர்த்து 10.97 மீட்டர் அகலமும். கணக்குப் பார்த்தால் உள்ளே அடங்கிவிடுகிறது. வேறு நிறப் பெயின்டில் கோடு கீறினோம். கரைவலைக்காரர் ஒருவர் பழைய வலைத் துண்டொன்றைத் தந்தார். கட்டாரில் இருக்கும் பழைய மாணவர்கள் மட்டைகள் அனுப்பினார்கள். வலையின் நடு உயரத்தை அளக்க டேப் இல்லாத நாளில் ஒரு மட்டையை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் இன்னொரு மட்டையின் தலையைக் குறுக்காக வைத்துப் பார்த்தோம். ஏறத்தாழ மூன்று அடி. அது போதும்.

பிறகு என்ன செய்தோம்? இருபது பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினோம். பந்தை எறிந்தோம். ஒரு பிள்ளை வந்து போர்ஹேண்ட் அடித்துவிட்டு வரிசையின் கடைசிக்குப் போகும். அடுத்த பிள்ளை வரும். முழங்கை எப்படி, தோள் எப்படி, கால் எப்படி என்று ஒரு வருடம் முழுக்கத் திருத்தினோம். பார்க்க அழகாக இருந்தது. வீடியோ போட்டோம். "மாஷா அல்லாஹ்" என்று நீங்கள் எல்லோரும் எழுதினீர்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு முதல் போட்டிக்குப் போனோம். இரவு பஸ்ஸில் ஏறிக் காலையில் கொழும்பில் இறங்கி, பிள்ளைகள் பஸ் நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு நேரே கோர்ட்டுக்கு.

எங்கள் அணியில் மிக அழகாக அடிப்பவள் தரம் 9 பிள்ளை ஒருத்தி. அவளுக்கு எதிரே வந்தது ஒரு மெலிந்த பிள்ளை. பார்க்க ஒரு அடியும் சரியில்லை. வந்த பந்தையெல்லாம் உயர்த்தி உயர்த்தி நடுவில் போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். எங்கள் பிள்ளை ஒவ்வொரு பந்தையும் பலமாக அடித்தாள். ஒன்று உள்ளே போகும், இரண்டு வெளியே போகும், ஒன்று வலையில் விழும். 6-1 என்று முடிந்தது. அரை மணித்தியாலம் ஆகியிருக்காது.

எங்களைச் சுட்டது அந்த 6-1 இல்லை. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் அவள் வேலிப் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தாள். பிழைத்தாலும் பார்த்தாள், சரியாக அடித்தாலும் பார்த்தாள். அடுத்தது என்ன செய்ய என்று கேட்கும் பார்வை. வெளியிலிருந்து யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று போட்டி நடத்துபவர்கள் முதலிலேயே அறிவித்திருந்தார்கள். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சொன்னாள்: "சேர், எனக்கு அடிக்கத் தெரியும். எங்க அடிக்கிறண்டுதான் தெரியல்ல."

ஒரு வருடம் கற்பித்த மூன்று ஆசிரியர்களுக்கு இதைவிடப் பெரிய பெறுபேற்று அட்டை வேண்டியதில்லை. மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம். போட்டியாடக் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் தன் வாழ்நாளில் முதல் முறையாகப் புள்ளி எண்ணி முழுதாக விளையாடிய ஆட்டமே அன்று கொழும்பில்தான்.

வந்த மறு கிழமையே எல்லாவற்றையும் மாற்றினோம். வரிசையை ஒழித்தோம். என்ன செய்தோம் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம். டெனிஸ் தெரியாதவர்களுக்கும் விளங்கும். பக்கத்துப் பாடசாலைகளில் செய்ய விரும்புபவர்களுக்கும் உதவும்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தை மாற்றினோம். சர்வதேச டெனிஸ் சம்மேளனம் சிறுவர்களுக்கென்று மூன்று வகைப் பந்துகளை அங்கீகரித்திருக்கிறது. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட ஏறத்தாழ 75 வீதம் மெதுவானது, செம்மஞ்சள் 50 வீதம், பச்சை 25 வீதம். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் போட்டிகளில் இந்த மெதுவான பந்துகளையே பாவிக்க வேண்டும் என்று 2012 முதல் விதியே இருக்கிறது. சிவப்புப் பந்துக்கு 11 மீட்டர் நீளமான சின்னக் கோர்ட் போதும். சாதாரணப் பந்து எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் எழும்பும். அந்தப் பிள்ளைக்கு யோசிக்க எங்கே நேரம்? பந்து மெதுவானால்தான் "எங்கே அடிக்கலாம்" என்ற கேள்வியே மனதில் வரும். முதல் நாளிலேயே புள்ளி எண்ணி விளையாடலாம்.

பெரிய பிள்ளைகளுக்குக் கோர்ட்டையே பாடமாக்கினோம். எங்கள் மூவரில் ஒருவர் கணித ஆசிரியர். அவர் ஒரு நாள் பிள்ளைகளைக் கோட்டில் உட்கார வைத்துக் கேட்டார். ஒற்றையர் கோர்ட் 23.77 மீட்டர் நீளம், 8.23 மீட்டர் அகலம். மூலைக்கு மூலை எவ்வளவு? பைதகரஸ் தேற்றம் படித்த பிள்ளைகள் மணலில் கணக்குப் போட்டார்கள். 25.15 வந்தது. அப்படியானால் குறுக்காக அடித்தால் பந்து விழ ஏறத்தாழ 1.4 மீட்டர் கூடுதல் இடம். அடுத்தது வலை. ஓரத்தில் 1.07 மீட்டர், நடுவில் 0.914 மீட்டர். குறுக்காகப் போகும் பந்து நடுவின் தாழ்ந்த பகுதிக்கு மேலால் போகிறது. ஆறு அங்குலம் இலாபம். இடமும் கூட, வலையும் தாழ்வு. பிறகு ஏன் எல்லோரும் ஓரக் கோட்டோடு நேராக அடித்துப் பிழைக்கிறீர்கள்?

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளும் விதி இது: சந்தேகம் என்றால் குறுக்காக, ஆழமாக. எதிராளியின் பந்து குட்டையாக விழுந்து நீ கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டால் மட்டும் நேராக.

அதோடு சேர்ந்த இன்னொன்று, எங்கே திரும்பி நிற்பது. அடித்ததும் நடுவுக்கு ஓடு என்றுதான் நாங்களும் முதலில் சொன்னோம். அது முழுச் சரியில்லை. குறுக்காக அடித்தால் நடுவுக்கு முழுதாக வரத் தேவையில்லை, அடித்த பக்கத்திலேயே ஓரடி தள்ளி நிற்கலாம். எதிராளிக்குத் திருப்பி அடிக்கக்கூடிய கோணத்தின் நடு அங்கேதான் இருக்கிறது. நேராக அடித்தால் நடுவையும் தாண்டி மறுபக்கம் ஓட வேண்டும். ஆகவே நேராக அடிப்பது ஆபத்து மட்டுமில்லை, களைப்பும்கூட. எங்கள் வெயிலில் இது சின்ன விஷயமில்லை.

பிறகு சேர்விஸ். பிள்ளைகள் முதல் சேர்விஸைப் பலமாக அடிப்பார்கள். பிழைத்தால் இரண்டாவதைப் பயந்து தட்டுவார்கள். நாங்கள் தலைகீழாக மாற்றினோம். இரண்டாவது சேர்விஸைத்தான் முதலில் கற்பிக்கிறோம். கிழமையில் ஒரு நாள் ஒரே ஒரு சேர்விஸ்தான், பிழைத்தால் புள்ளி போய்விடும். முதல் மாதம் அழுகை. மூன்றாம் மாதம் யாரும் பயப்படவில்லை.

பயிற்சி இப்போது முழுக்கப் புள்ளிகள்தான். டெனிஸில் வருவது ஐந்தே ஐந்து நிலைமைகள். நீ சேர்விஸ் போடுகிறாய், நீ சேர்விஸை எடுக்கிறாய், இருவரும் பின்னால் நிற்கிறீர்கள், நீ வலைக்கு வருகிறாய், எதிராளி வலைக்கு வருகிறார். ஒவ்வொன்றிலும் உன்னிடம் ஒரு திட்டம் இருக்க வேண்டும். ஒரு நாள் ஆட்டம் 30-40 இல் தொடங்கும். இன்னொரு நாள் 5-5 இல். சும்மா இருக்கும் பிள்ளை கொப்பியில் குறிப்பெடுக்கும். மூன்று நிரல்: நான் கொடுத்த புள்ளி, எதிராளி உழைத்து எடுத்த புள்ளி, டபுள் போல்ட். முதல் கிழமைகளில் பக்கம் பக்கமாக நிரம்பியது "நான் கொடுத்த" நிரல்தான். "எதிராளி கெட்டிக்காரன் சேர்" என்று சாட்டுச் சொன்ன பிள்ளைகள் அந்தக் கொப்பியைப் பார்த்தபின் அப்படிச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

கச்சான் வீசும் நாட்களில் முன்பு பயிற்சியை நிறுத்துவோம். இப்போது வேண்டுமென்றே விளையாட வைக்கிறோம். காற்றை எதிர்த்து நிற்கும் பக்கத்தில் தயங்காமல் உயர்த்தி அடி, கோர்ட்டுக்குள் விழும். காற்று முதுகில் இருக்கும் பக்கத்தில் அரைவாசிப் பலம் போதும். கடலுக்குப் போகும் வாப்பாமாரின் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை.

பலசாலிதான் வெல்வான் என்று நினைக்கும் பையன்களுக்கு 1975 விம்பிள்டன் இறுதிப் போட்டியின் கதையைச் சொல்வோம். ஜிம்மி கொனர்ஸ் முந்திய வருடச் சம்பியன், வேகமாக வரும் பந்தை இன்னும் வேகமாகத் திருப்பி அடிப்பதில் விண்ணன். எதிரே ஆர்தர் ஆஷ், வயது 31. எல்லோரும் கொனர்ஸ்தான் என்றார்கள். ஆஷ் அன்று வழக்கமான தன் பலமான ஆட்டத்தை ஒதுக்கிவைத்தார். வேகமில்லாத, தாழ்வான பந்துகளைக் கொடுத்தார். சேர்விஸை அகலமாகப் போட்டுக் கொனர்ஸை ஓரத்துக்கு இழுத்தார். முன்னால் வந்தபோது தலைக்கு மேலால் தூக்கிப் போட்டார். 6-1, 6-1, 5-7, 6-4. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான். அன்று வென்றது புஜம் இல்லை, புத்தி.

பெண் பிள்ளைகளுக்கு ஒன்ஸ் ஜபரைத் தெரியும். டியூனிசியாவைச் சேர்ந்தவர். 2022 இலும் 2023 இலும் விம்பிள்டன் இறுதிப் போட்டி வரை போனவர். இரண்டு முறையும் தோற்றவர். எதிராளி பின்னால் நிற்கும்போது வலைக்கு அருகில் மெதுவாகப் போட்டுவிடும் அவருடைய அடியை எங்கள் பிள்ளைகள் போனில் பார்த்துப் பார்த்துப் பழகுகிறார்கள். அவர் தோற்றதால் அவர்களுக்கு அவர் குறைந்துபோகவில்லை.

இவ்வளவும் விளையாட்டுக் கதை. இனிச் சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். எழுதுகிறோம்.

இடையில் பக்கத்துப் பாடசாலை ஒன்றோடு சிநேகபூர்வப் போட்டி நடந்தது. நடுவர் இல்லாத ஆட்டங்களில் தன் பக்கத்தில் விழும் பந்தை உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டியது அந்தந்த ஆட்டக்காரர்தான். கோட்டில் பட்டாலும் உள்ளே. சந்தேகம் என்றால் எதிராளிக்குத்தான் புள்ளி. இதுதான் விதி.

எங்கள் பையன் ஒருவனின் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. எதிராளி அடித்த பந்து அவன் பக்கத்துக் கோட்டில் விழுந்தது. கோட்டில்தான். நாங்கள் வேலிக்குப் பின்னால் நின்று கண்ணால் கண்டோம். அவன் விரலை உயர்த்தி "அவுட்" என்றான். அடுத்த புள்ளியோடு ஆட்டம் முடிந்தது. அவன் வென்றான். பெற்றார் கை தட்டினார்கள். பிள்ளைகள் அவனைத் தூக்கினார்கள்.

நாங்கள் வாய் திறக்கவில்லை.

வெளியில் நிற்பவர் பேசக் கூடாது என்பது விதி என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மை அதுவில்லை. எத்தனையோ தோல்விக்குப் பிறகு ஒரு வெற்றி. அது எங்களுக்கும் தேவைப்பட்டது. ஆட்டம் முடிந்தபின் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீடு போய்விட்டோம்.

மூன்று நாள் கழித்து அவன்தான் வந்தான். "சேர், அண்டைக்கு அந்தப் பந்து உள்ளுக்கு" என்றான். "எங்களுக்கும் தெரியும் மகன்" என்றோம். அவன் எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. அவன் செய்தது பிழை என்றால் நாங்கள் செய்தது அதைவிடப் பெரிய பிழை. அமானிதம் என்றால் என்ன என்று காலைக் கூட்டத்தில் கிழமைக்கு ஒரு தடவை பேசுகிறவர்கள் நாங்கள்.

அந்தப் பாடசாலையின் பொறுப்பாசிரியருக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னோம். முடிவை மாற்றி எழுதினோம். அவனுடைய வாப்பாவுக்கு எங்கள் மேல் கோபம். "எல்லாரும் அப்படித்தான் சேர் சொல்றாங்க, நம்ம பிள்ள மட்டும் ஏன் விட்டுக் கொடுக்கணும்" என்றார். இரண்டு கிழமை பையன் பயிற்சிக்கு வரவில்லை. பிறகு வந்தான். இப்போதும் வருகிறான். பந்து கிட்டக் கிட்ட விழுந்தால் கொஞ்சம் தயங்கி, "உள்ளுக்கு" என்று மெதுவாகச் சொல்கிறான். சத்தமாகச் சொல் மகன் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் இருக்கிறார். வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார். வீட்டில் உம்மா வாப்பா இருக்கிறார்கள். மற்ற விளையாட்டுகளில் நடுவர் விசில் ஊதுகிறார். நம் பிள்ளை யாரும் பிடிக்க முடியாத இடத்தில், தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்துகொண்டே உண்மையைச் சொல்ல எங்கே பழகுகிறது? நாங்கள் தேடிப் பார்த்தோம். எங்கள் பாடசாலையில் அப்படி ஓரிடம் இருக்கிறது என்றால், அது நீங்கள் கொட்டில் போடச் சொல்லும் அந்தக் கோர்ட்தான்.

தீர்மானம் எடுப்பதும் அப்படித்தான். புலமைப்பரிசிலில் தொடங்கி நம் பிள்ளைகளுக்கு நாம் எல்லாவற்றையும் தீர்மானித்துக் கொடுக்கிறோம். எந்த டியூஷன், எந்தப் பாடம், பரீட்சைக்கு எந்தக் கேள்வி வரும் என்பது வரை. ஆசிரியர்களான நாங்களும் அதில் பங்காளிகள். பிள்ளை கேள்வியை வாசிக்க முன் விடையைச் சொல்லிக் கொடுக்கிறோம். பிறகு பதினெட்டு வயதில் "நீயே யோசித்து முடிவெடு" என்று விட்டுவிட்டு, அவன் திரும்பித் திரும்பி நம்மைப் பார்க்கும்போது கோபப்படுகிறோம். கொழும்பில் அந்தப் பிள்ளை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாளே, அதே பார்வைதான்.

இனி, எங்கள் காதுக்கு வந்த மூன்று கேள்விகளுக்குப் பதில்.

ஒன்று, படிப்பு கெடும் என்பது. பயிற்சி கிழமைக்கு இரண்டு பின்னேரம், அசர் தொழுகையோடு முடிந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை கிட்ட வரும்போது பிள்ளைகளை நாங்களே வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆனால் தரம் 10 வந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்று கேட்காதீர்கள். திட்டம் போட்டு விளையாடும் வயதே அதுதான்.

இரண்டு, பெண் பிள்ளைகள். அவர்களுக்குத் தனி நாள். ஆசிரியை ஒருவர் எப்போதும் இருக்கிறார், அவர் எங்கள் மூவரில் ஒருவர். முழுக்கை, நீளக் காற்சட்டை, பர்தாவோடுதான் விளையாடுகிறார்கள். மதில் பக்கம் மறைப்புக் கட்டியிருக்கிறோம். இன்னும் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் வந்து சொல்லுங்கள், செய்கிறோம். ஆனால் நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு முன் நபியவர்களும் ஆயிஷா நாயகியும் (ரழி) ஓட்டப் போட்டி வைத்த சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தினார்கள், பின்னொரு தடவை நபியவர்கள் முந்தினார்கள். பள்ளியில் நாம் எத்தனையோ தரம் கேட்ட சம்பவம். அதில் போட்டியும் இருக்கிறது, வெற்றியும் தோல்வியும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. நம் வீடுகளில் அந்தச் சிரிப்புத்தான் குறைந்துவிட்டது.

மூன்று, தோல்வி. 2024 இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ரோஜர் பெடரர் பேசும்போது தன் கணக்கைச் சொன்னார். 1526 ஒற்றையர் போட்டிகள். ஏறத்தாழ 80 வீதத்தை வென்றார். ஆனால் அந்தப் போட்டிகளில் அவர் வென்ற புள்ளிகள் எத்தனை வீதம்? 54 தான். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரே கிட்டத்தட்ட இரண்டில் ஒரு புள்ளியை இழந்திருக்கிறார். புள்ளி போனால் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த புள்ளிக்கு வரத் தெரிந்ததால்தான் அவர் பெடரர். இரண்டு புள்ளிகளுக்கு இடையில் 25 செக்கன் இருக்கிறது. அந்த 25 செக்கனில் என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பழக்குகிறோம். வலைக்கு முதுகைக் காட்டித் திரும்பு. மட்டை நரம்புகளைச் சரிசெய். மூச்சை விடு. அடுத்த பந்து எங்கே என்று தீர்மானி. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கு. இது டெனிஸுக்கு மட்டும் உதவும் பழக்கம் என்று நீங்கள் நினைக்கிறீர்களா?

"ஏழு பேரும் தோத்துட்டு வந்தாங்க" என்பது இரண்டு வருடமும் ஒரே வசனம்தான். ஆனால் உள்ளே நடந்தது ஒன்றில்லை. முதல் வருடம் 6-1 இல் தோற்ற அதே பிள்ளை, இப்போது தரம் 10, இந்த முறை 6-6 வரை இழுத்துக்கொண்டு போய் டை பிரேக்கில் 7-5 இல் தோற்றாள். எதிராளியின் பேக்ஹேண்ட் பலவீனம் என்பதை ஆட்டத்துக்கு முந்திய ஐந்து நிமிடப் பழகலிலேயே கண்டுபிடித்திருந்தாள். இரண்டாவது கேமிலிருந்து பந்தெல்லாம் அங்கேதான் போனது. பின்னால் நின்று தோற்றுக்கொண்டிருந்தபோது தானே யோசித்து வலைக்கு வரத் தொடங்கினாள். அதை நாங்கள் சொல்லிக் கொடுத்து அனுப்பவில்லை. டை பிரேக்கில் ஒரு பந்தை "உள்ளுக்கு" என்று எதிராளிக்குக் கொடுத்தாள். வேலியிலிருந்து எங்களுக்கே அது சரியாகத் தெரியவில்லை.

ஏறத்தாழ ஒரு மணித்தியால ஆட்டம். அவள் ஒரு தடவைகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்களைப் பொறுத்தவரை அதுதான் இந்த இரண்டு வருடத்தின் பெறுபேறு. கிண்ணமாக அலுமாரியில் வைக்க முடியாது. சான்றிதழாகச் சுவரில் மாட்ட முடியாது. ஆனால் கண்ணால் கண்டோம்.

ஆகவே சங்க உறுப்பினர்களிடமும் பெற்றாரிடமும் நாங்கள் கேட்பது சின்ன விஷயங்கள்.

கோர்ட்டை விட்டுவையுங்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பின் மதில் பக்கம் இடம் இருக்கிறது. அளந்து பார்த்துவிட்டோம், வந்து காட்டுகிறோம்.

வெற்றிக் கிண்ணத்துக்கும் பெனருக்கும் காசு தருகிற நல்ல உள்ளங்கள் இந்த வருடம் அதைப் பந்துக்குத் தாருங்கள். டின்னை உடைத்த பந்து சில கிழமைகளில் எழும்பாமல் போய்விடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் சகோதரர்கள் பெட்டியில் ஓரமாகச் சிவப்பு, செம்மஞ்சள் பந்துகள் கொஞ்சம் கொண்டுவந்தால் தரம் 3, 4 பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

அயலில் உள்ள பாடசாலைகள், தமிழ்ப் பாடசாலையோ முஸ்லிம் பாடசாலையோ, மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பரிசு இல்லை. வென்றவர் இல்லை என்றல்ல, வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே வடையும் பிளேன்டீயும்தான். வருடத்தில் ஒரு நாள் கொழும்புக்குப் போய் விளையாடுவதால் யாரும் போட்டியாளர் ஆவதில்லை. வித்தியாசமான எதிராளிகளோடு அடிக்கடி விளையாடினால்தான் ஆகலாம்.

கடைசியாக, பெற்றாரே, வந்து பாருங்கள். கட்டாயம் வாருங்கள். ஆனால் வேலிக்கு வெளியே நின்று "அங்க அடி, இங்க அடி" என்று கத்தாதீர்கள். பிள்ளை பிழையாக அடித்தால் அடிக்கட்டும். ஆட்டம் முடிந்து வரும்போது "ஜெயிச்சியா" என்று முதலில் கேட்காமல், "என்ன திட்டம் போட்ட" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்று போதும், எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட சகோதரருக்கு ஜஸாகல்லாஹு ஹைரன். நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நாங்கள் இதை உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டோம். உங்கள் மகனும் தரம் 6 இல்தானே. வரும் செவ்வாய் பின்னேரம் அவனை அனுப்பிவையுங்கள். நீங்களும் வாருங்கள். மோட்டார் சைக்கிளைத் தாராளமாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தலாம், கோர்ட்டுக்கு வெளியே.

நம் பிள்ளைகள் யாரும் பார்க்காத இடத்திலும் நேர்மையாகவும், யாரும் சொல்லிக் கொடுக்காத நேரத்திலும் தெளிவாகவும் இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும். ஆமீன்.